தைராய்டு கண் நோய்க்குச் செலினியம்: எதிர்பார்க்க வேண்டியதும் கூடாததும்

தைராய்டு கண் நோய்க்காகச் செலினியம் என்ற தாதுச்சத்தை எடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, “முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கிற கண்ணு உள்ளே போயிடுமா?” என்பதுதான். போகாது. எனக்கும் போகவில்லை. “அப்புறம் எதுக்குத்தான் எடுத்தீங்க?” என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால், ஒன்று அந்த மருந்தைத் தலையில் தூக்கி வைத்ததாகிவிடும், இல்லையென்றால் குப்பையில் போட்டதாகிவிடும். இரண்டுமே அதற்குச் செய்யும் அநியாயம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காரணமில்லாத படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது என்று தொடங்கி, ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டது. அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்து, இதயத் துடிப்பு ஒரு நிலைக்கு வந்து, அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் கண் தொல்லை தொடங்கியது. காலையில் எழுந்தால் இமைகள் உப்பியிருக்கும். காற்று பட்டால் கண்ணீர் கொட்டும்; அதே கண்ணுக்குள் வறட்சியும் உறுத்தலும் ஓயாது. என் வேலை மெய்ப்பு பார்ப்பது. நாள் முழுக்க எழுத்தையே உற்றுப் பார்க்கிறவருக்கு இது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“ஏன் எல்லாரையும் முறைச்சுப் பாக்கறே?” என்று முதலில் கேட்டவர் என் அண்ணன். நான் முறைக்கவில்லை. மேல் இமை மேலே ஏறிக்கொண்டதால் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. இந்த நோயில் மிக அதிகமாகக் காணப்படும் அடையாளம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கண் பிதுங்குவது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இமை ஏறுவதுதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுகிறது.

தைராய்டு கழுத்தில் இருக்க, கண்ணில் ஏன் வீக்கம்? இதைப் புரிந்துகொள்ளாமல் செலினியத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கிரேவ்ஸ் நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு செல்களில் உள்ள டி.எஸ்.எச். ஏற்பிக்கு (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அதே ஏற்பி கண்ணுக்குப் பின்னால் கண்குழியில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசு செல்களிலும் இருக்கிறது. ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கான இன்னொரு ஏற்பியும் அதோடு கைகோக்கிறது. தூண்டப்பட்ட செல்கள் ஹையலுரோனிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில செல்கள் கொழுப்பு செல்களாக மாறுகின்றன. கண்ணை அசைக்கும் தசைகள் தடிக்கின்றன. கண்குழியின் சுவர் எலும்பு. அது விரிந்து கொடுக்காது. எனவே கண் முன்னால் வருகிறது. தசைகள் இறுகினால் இரண்டு கண்களும் ஒரே திசையில் திரும்பாமல், ஒன்று இரண்டாகத் தெரியும். ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாகிவிட்ட பிறகும் கண் நோய் தன் போக்கில் நடக்கலாம். தைராய்டு இயல்பாக இருப்பவர்களிலும் குறைவாக இருப்பவர்களிலும்கூடச் சிலருக்கு இது வருகிறது.

இன்னொரு விஷயம், காலம். ரண்டில் என்ற மருத்துவர் 1940-களிலேயே இந்த நோயின் போக்கை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியிருக்கிறார். முதலில் வீக்கமும் சிவப்புமாக ஏறும் கட்டம். பிறகு ஏறுவது நின்று சமமாகும். அப்புறம் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் உறைந்துவிடும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகிறது. சிமெண்ட் ஈரமாக இருக்கும்வரைதான் கரண்டியால் ஏதாவது செய்யலாம்; இறுகிய பிறகு உளிதான். அழற்சி இருக்கும் கட்டத்தில்தான் மருந்துகளுக்கு வேலை. அடங்கிய பிறகு மிஞ்சியிருக்கும் பிதுக்கத்தையும் இமையையும் மாறுகண்ணையும் சரிசெய்யப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். செலினியத்தின் இடம் இந்த வளைகோட்டின் தொடக்கத்தில், அதுவும் நோய் லேசாக இருக்கும்போது மட்டும். பல வருடங்களாகப் பிதுங்கிய கண்ணோடு இருப்பவர்கள் செலினியம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏமாற்றமடைவதைப் பார்க்கும்போது, இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் ஹார்மோன் மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன், தைராய்டு கண் நோயைப் பார்த்துப் பழகிய கண் மருத்துவரிடம் அனுப்பினார். அந்தப் பரிசோதனை எனக்குப் புதிது. ஹெர்ட்டல் என்ற கருவியை முகத்தின் பக்கவாட்டு எலும்பில் வைத்து, கண் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று அளந்தார். இமை எவ்வளவு ஏறியிருக்கிறது, எல்லாத் திசைகளிலும் பார்க்கும்போது இரட்டையாகத் தெரிகிறதா, நிறங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்றெல்லாம் பார்த்தார். பிறகு 7 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு: சும்மா இருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் வலி, கண்ணை அசைக்கும்போது வலி, இமைச் சிவப்பு, இமை வீக்கம், வெண்படலச் சிவப்பு, வெண்படல வீக்கம், மூக்கோரச் சதையின் வீக்கம், ஒவ்வொன்றுக்கும் 1. 3 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் செயலில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 3 வந்தது.

ஆனால் ‘செயலில் இருப்பது’ வேறு, ‘தீவிரம்’ வேறு. இமை ஏற்றம் 2 மில்லிமீட்டருக்குள், பிதுக்கம் இயல்பைவிட 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே அதிகம், இரட்டைப் பார்வை இல்லை அல்லது எப்போதாவது வந்துபோகிறது, வறட்சி சொட்டு மருந்தில் அடங்குகிறது என்றால் அது லேசான நோய். என்னுடையது அந்த வகை. தன்னுடைய நோய் எந்தக் கட்டத்தில், எந்தத் தீவிரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் செலினியம் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. இந்த இரண்டையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

“அதிசயம் ஒண்ணும் நடக்காது. இன்னும் மோசமாகாம பிடிச்சு வைக்கிறதுக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்” என்றார் ஹார்மோன் டாக்டர். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னது 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு. கிரேவ்ஸ் கண் நோய்க்கான ஐரோப்பியக் குழு நடத்தியது. முதல் ஆசிரியர் இத்தாலியின் கிளாடியோ மார்கோச்சி. லேசான கண் நோய் உள்ள 159 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சோடியம் செலினைட் 100 மைக்ரோகிராம் தினம் இருவேளை, இன்னொரு குழுவுக்குப் பென்டாக்ஸிஃபிலின் என்ற வேறொரு மருந்து, மூன்றாவது குழுவுக்கு வெற்று மாத்திரை என்று 6 மாதம் கொடுத்தார்கள். அதன் பிறகு மருந்தை நிறுத்தி மேலும் 6 மாதம் கவனித்தார்கள்.

6 மாத முடிவில் செலினியம் குழுவில் 61 சதவீதம் பேருக்குக் கண் தேறியிருந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 36 சதவீதம். மோசமானவர்கள் செலினியம் குழுவில் 7 சதவீதம். வெற்று மாத்திரைக் குழுவில் 26 சதவீதம். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளிலும் செலினியம் எடுத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். மருந்தை நிறுத்தி 6 மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது. பென்டாக்ஸிஃபிலினால் பயன் எதுவும் தெரியவில்லை.

மெய்ப்பு பார்க்கும் பழக்கத்தால் எண்களை நான் இரண்டு முறை படிப்பேன். இதில் என்னை நிறுத்திய எண் 61 அல்ல, 36. ஒன்றுமே இல்லாத மாத்திரையைத் தின்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார்கள்! லேசான நோய் தானாகவே தணியக்கூடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ‘செலினியம் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் (நான் சொன்னாலும்தான்) அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கும் காரணம் அதுவே. என்னை ஒப்புக்கொள்ள வைத்தது 26-க்கும் 7-க்கும் உள்ள தூரம். நூறு பேரில் ஏறக்குறைய 19 பேர் மோசமாகாமல் தப்பியிருக்கிறார்கள். விலை ஆறு மாதம் மாத்திரை விழுங்குவது என்றால், அந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

அந்த ஆய்வின் குறையையும் டாக்டரே சொன்னார். கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மண்ணிலேயே செலினியம் சற்றுக் குறைவாக உள்ள ஐரோப்பியப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். தொடங்கும்போது அவர்கள் ரத்தத்தில் செலினியம் எவ்வளவு இருந்தது என்று அளக்கவும் இல்லை. எனவே உணவிலேயே போதுமான செலினியம் கிடைப்பவருக்கு மேற்கொண்டு கொடுத்தால் இதே பலன் வருமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை தரவில்லை. அமெரிக்க, ஐரோப்பியத் தைராய்டு சங்கங்கள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட கருத்துரையும் இதனால்தான் அளந்து பேசுகிறது: லேசான, செயலில் உள்ள நோய்க்கு ஒரே ஒரு 6 மாதச் சுற்று பரிசீலிக்கலாம், குறிப்பாகச் செலினியம் போதாத பகுதிகளில். எனக்கு ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். குறைபாடு என்று சொல்லும்படியும் இல்லை, தாராளம் என்று சொல்லும்படியும் இல்லை. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “குடுத்துப் பாக்கலாம்” என்றார். மருத்துவத்தில் பல முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன என்பது எனக்கு அன்று உறைத்தது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

செலினியம் உள்ளே போய் என்ன செய்கிறது? 1817-ல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்செலியுஸ் கண்டறிந்த இந்தத் தனிமம் வெகுகாலம் நஞ்சாகவே பார்க்கப்பட்டது. உடலுக்கு இது அவசியம் என்று தெரிந்ததே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். உடலின் உறுப்புகளில் ஒரு கிராம் திசுவுக்கு அதிகச் செலினியம் இருப்பது தைராய்டில். ஹார்மோன் உற்பத்திக்கு அந்தச் சுரப்பி ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துகிறது. மிஞ்சும் பெராக்சைடு செல்லைச் சிதைக்காமல் தடுக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிக்குச் செலினியம் வேண்டும். டி4 என்ற தைராய்டு ஹார்மோனை, வீரியம் கூடிய டி3 ஆக மாற்றும் நொதிகளுக்கும் வேண்டும். அழற்சி மூண்ட கண்குழியிலும் இதே ஆக்சிஜனேற்றச் சேதம் நடக்கிறது. அதைத் தணிப்பதன் மூலம் செலினியம் உதவலாம் என்பது அடிப்படை எண்ணம்.

இனி நடைமுறை. மாத்திரைக் குப்பியின் லேபிளில்தான் பெரிய குழப்பம். ஆய்வில் கொடுத்தது சோடியம் செலினைட் என்ற உப்பு, நாளுக்கு 200 மைக்ரோகிராம். அந்த உப்பின் எடையில் பாதிக்கும் குறைவே செலினியம். அதாவது உடலுக்குப் போகும் தனிமச் செலினியம் சுமார் 91 மைக்ரோகிராம். ஆனால் துணை உணவு மாத்திரைகள் பலவற்றில் ‘செலினியம் 200 மைக்ரோகிராம்’ என்று போட்டிருந்தால் அது தனிமத்தின் அளவு. ‘200’ என்ற எண் இரண்டிலும் ஒன்று, உள்ளே போவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்துச்சீட்டில் உப்பின் பெயரும் அளவும் தனித்தனியாக இருக்கட்டும். வாங்கும்போது அதை லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலினோமெத்தியோனைன் என்ற இன்னொரு வடிவமும் கிடைக்கிறது. அது உடலின் புரதங்களில் புகுந்து தங்கக்கூடியது. கண் நோய்க்கான அந்த ஆய்வில் பயன்பட்டது அது அல்ல. செலினைட்டை வைட்டமின் சி-யோடு ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. வயிற்றிலேயே வினைபுரிந்து உறிஞ்ச முடியாத வடிவமாக மாறிவிடும். நான் காலையிலும் இரவிலும் செலினைட், மதியம் மற்றவை என்று பிரித்துக்கொண்டேன்.

தொடங்குவதற்கு முன் டாக்டர் சொன்ன ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் உதவியது: “வீட்ல சாப்பிடுற எல்லா மாத்திரை டப்பாவையும் அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க.” தைராய்டு நோயில் முடி கொட்டும். கொட்டினால் நாம் என்ன செய்வோம்? முடிக்கு என்று விற்கும் மல்டிவைட்டமின் வாங்குவோம். என் பையில் இருந்த டப்பாவிலும் செலினியம் இருந்தது, கூடவே பயோட்டின் என்ற வைட்டமின். இரண்டுமே தொந்தரவு. செலினியம் கணக்கில் வராமல் கூடிவிடும். பயோட்டினோ பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையையே குழப்பி, டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டிவிடக்கூடும். நோய் இல்லாதவருக்கே கிரேவ்ஸ் இருப்பதுபோல் அறிக்கை வரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நான் அந்த டப்பாவையே மூடி வைத்துவிட்டேன்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 55 மைக்ரோகிராம். தாண்டக் கூடாத மேல்வரம்பை அமெரிக்கா 400 என்று வைத்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதை 255 ஆகக் குறைத்தது. தேவைக்கும் தீங்குக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள சத்துகள் அதிகமில்லை. மூச்சில் பூண்டு வாடை, வாயில் உலோகச் சுவை, குமட்டல், நகம் உடைவது, முடி கொட்டுவது எல்லாம் மிகுதியின் அறிகுறிகள். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவத் துணை உணவில் லேபிளில் போட்டதைப்போல 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டதால் சுமார் 200 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். முடி கொட்டுகிறதே என்று செலினியம் எடுத்து, அந்தச் செலினியத்தாலேயே மேலும் முடி கொட்டினால் யாரைக் கேட்பது? செலினியம் நிறைந்த பிரேசில் கொட்டை போதுமே என்பவர்களும் உண்டு. ஒரே மரத்தின் கொட்டைகளிலேயே அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்தாக அளந்து எடுக்க அது ஏற்றதல்ல.

வேறொரு கவலையும் எங்கள் பேச்சில் வந்தது. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு. தோல் புற்றுநோயைத் தடுக்கலாமா என்று நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடுத்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதிகம் வந்ததாக 2007-ல் தெரியவந்தது. ஏற்கெனவே ரத்தத்தில் செலினியம் அதிகமாக இருந்தவர்களிடம்தான் அது கூடுதல். ஆறு மாதத்துக்கு இந்த அபாயம் பெரிதல்ல என்று டாக்டர் கணித்தார். ஆனால் நிறுத்தும் தேதியையும் அன்றே சீட்டில் எழுதினார். அந்தத் தேதிக்கு மேல் நான் ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை. ‘நல்லதுதானே, தொடரட்டும்’ என்று வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு ஆய்வு ஆதரவு எதுவும் இல்லை.

எடுத்த மாதங்கள் எப்படிப் போயின? முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. வலிநிவாரணி மாதிரி விழுங்கியதும் தெரியும் மருந்தல்ல இது. அந்த நாட்களை ஓட்ட எனக்கு உதவியவை வேறு. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. உறுத்தும்போது மட்டும் போடாமல், உறுத்துவதற்கு முன்பே நேரம் வைத்துப் போடுவது. இரவில் ஜெல். தூக்கத்தில் இமை முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலை வீக்கம் கொஞ்சம் குறையும். வெளியே போனால் பக்கங்களையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மெய்ப்பு பார்க்கும்போது ஒவ்வொரு பத்தி முடிவிலும் வேண்டுமென்றே கண்ணை மூடித் திறப்பது. கேட்டால் சிரிப்பு வரும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம்.

செலினியத்தைவிட முக்கியமான ஒன்றைக் கடைசியில் போட்டுவிடக் கூடாது: புகை. இந்த நோயை வரவழைப்பதிலும், மோசமாக்குவதிலும், சிகிச்சையின் பலனைக் குறைப்பதிலும் நம் கையில் உள்ள காரணங்களில் முதலிடம் புகைக்குத்தான். நான் புகைப்பதில்லை, அண்ணன் புகைப்பார், வீட்டுக்குள்ளேயே. டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். “உன் கண்ணுக்கும் என் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். நான் வாதாடவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அவரையே கூட்டிக்கொண்டு போனேன். அவர் முழுதாக விட்டாரா என்றால் இல்லை. வீட்டுக்குள் பிடிப்பது நின்றது. தினம் இருவேளை மாத்திரையை மறக்காமல் விழுங்கிவிட்டு, விரலிடுக்கில் சிகரெட்டோடு ‘செலினியம் வேலை செய்யவில்லை’ என்று சொல்லும் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை; இங்கே எழுதிவிட்டேன்.

அடுத்தது, தைராய்டு அளவு நிலையாக இருப்பது. மேலே போனாலும் கெடுதல், கீழே இறங்கினாலும் கெடுதல். நடுவில் ஒருமுறை கார்பிமசோல் அளவு கூடிப்போய், தைராய்டு ஹார்மோன் குறைந்து டி.எஸ்.எச். ஏறியது, அந்தச் சமயத்தில் இமை வீக்கமும் கூடியது. அளவைக் குறைத்ததும் தணிந்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பது சலிப்பாக இருந்தாலும் விடக் கூடாது. தைராய்டைக் கதிரியக்கத்தால் அடக்கும் ரேடியோ அயோடின் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால், கண் நோய் இருப்பதைக் கட்டாயம் நினைவூட்டுங்கள். அது கண்ணை மோசமாக்கக்கூடும். கொடுத்தே ஆக வேண்டுமானால் கூடவே ஸ்டீராய்டு பாதுகாப்புத் தருவது வழக்கம். செலினியம் தைராய்டு மிகைச்சுரப்பையே குணமாக்கும் என்ற நம்பிக்கையும் உலவுகிறது. கார்பிமசோல் வகையைச் சேர்ந்த மெதிமசோலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த, 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப் பலன் கிடைக்கவில்லை. கண்ணுக்குக் கொடுக்கிறார்கள் என்பதற்காகத் தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

பலனை எப்படி அளப்பது? கண்ணாடியை நம்பவே கூடாது. தூங்கி எழுந்ததும் ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம், மனசு சரியில்லாத நாளில் இன்னொரு முகம். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்தேன். நோய் வருவதற்கு முந்தைய படம் ஒன்றையும் கண் மருத்துவரிடம் கொடுத்தேன். ஒப்பிட அது அவருக்கு மிகவும் உதவியது. இந்த நோய்க்கென்றே 16 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் உண்டு: 8 பார்வை பற்றி, 8 தோற்றம் பற்றி. தோற்றம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது தொண்டை அடைத்தது. ‘படம் எடுப்பதைத் தவிர்க்கிறீர்களா?’ என்ற வகைக் கேள்விகளை ஒரு மருத்துவக் காகிதம் கேட்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறர் கண்ணில் நம் கண் எப்படித் தெரிகிறது என்பதும் இந்த நோயின் ஒரு பகுதிதான். அதை அற்பம் என்று ஒதுக்கும் மருத்துவர் கிடைத்தால் வேறொருவரைப் பாருங்கள்.

முடிவில் எனக்குக் கிடைத்தது: சிவப்பு போயிற்று, இமை வீக்கம் பெருமளவு வடிந்தது, கண்ணை அசைத்தால் வந்த வலி நின்றது. 3 என்றிருந்த மதிப்பெண் 1 ஆனது. ஹெர்ட்டல் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இமை துளி இறங்கியது. பழைய முகம் முழுதாகத் திரும்பவில்லை. இதில் செலினியத்தின் பங்கு எவ்வளவு, தைராய்டு நிலைப்பட்டதன் பங்கு எவ்வளவு, நோய் தானாகத் தணிந்ததன் பங்கு எவ்வளவு என்று என் ஒருவர் உடலை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது. வெற்று மாத்திரை தின்று தேறிய அந்த 36 சதவீதத்தில் ஒருவராகவும் நான் இருக்கலாம். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடி எடுப்பேனா என்றால், எடுப்பேன். அதே அளவில், அதே கால வரையறையோடு.

நோய் லேசு என்ற எல்லையைத் தாண்டிவிட்டால் செலினியத்தை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. மிதமானது முதல் தீவிரமானது வரையான, செயலில் உள்ள நோய்க்கு வாரம் ஒருமுறை நரம்பு வழி மெத்தில்பிரெட்னிசோலோன், 12 வாரம், பொதுவாக மொத்தம் 4.5 கிராம் என்ற முறை இருக்கிறது. ஐ.ஜி.எஃப்-1 ஏற்பியைத் தடுக்கும் டெப்ரோடுமுமாப் மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் தகுந்த காலம் அழற்சி இருக்கும் கட்டம்தான். துணை மாத்திரையோடு அதைக் கழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட அவசரமானது பார்வை நரம்பு நசுங்குவது. தடித்த தசைகள் கண்குழியின் பின்முனையில் நரம்பை நெருக்கும். கண் பெரிதாகப் பிதுங்காதவருக்கும் இது வரலாம், ஏனென்றால் முன்னால் தள்ளப்படாத அழுத்தம் பின்னால் போய்ச் சேர்கிறது. நான் இன்றும் செய்யும் ஒரு சோதனை உண்டு: ஒரு சிவப்புப் பொருளை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், பிறகு மாற்றி, பார்ப்பது. ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்தோ மங்கியோ தெரிந்தால், பார்வை இருண்டால், எழுத்து கலங்கி இமைத்தும் தெளியாவிட்டால், கண்ணில் கடும் வலியோடு வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால், அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அடுத்த சந்திப்புத் தேதி நாளை மறுநாள்தானே என்று இருந்துவிடக் கூடாது.